நாய்க்கூண்டு வாங்கினேன், கோழிகளுக்காக

மூன்றடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடிக்குக் கொஞ்சம் மேல் உயரம். கறுப்புப் பூச்சு பூசிய கம்பி. முன்னால் ஒரு கதவு, பக்கவாட்டில் ஒரு கதவு. அடியில் இழுத்துக் கழுவுகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு. மடித்தால் பலகை மாதிரி தட்டையாகிவிடும், ஒரு கையால் தூக்கிக்கொண்டு போகலாம். வளர்ப்புப் பிராணிகளுக்கான சாமான் விற்கும் தஞ்சாவூர்க் கடை ஒன்றில் ஜூன் மாதம் 3,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கடைத் தம்பி, "என்ன நாய்க்கும்மா?" என்று கேட்டார். கோழிக்கு என்றேன். "கோழிக்கு எதுக்கு இது, ஒரு பஞ்சாரம் போதாதா?" என்றார். கோழியைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கூடையைத்தான் சொன்னார். அவசரத்தில் அவருக்குச் சரியாகப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது ஆறு மாதம் ஆகிவிட்டது, ஒரு மழைக்காலமும் பார்த்தாயிற்று. சொல்ல வேண்டியதை நிதானமாகச் சொல்லலாம்.

இது கோழி வளர்க்கிற கூண்டு இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோழி என்றால் கொல்லையில் மேயணும், மண்ணைக் கிளறணும், அந்தி சாய்ந்தால் குடாப்பில், அதாவது இரவுக் கூட்டில், அடையணும். இந்தக் கூண்டு எனக்கு ஒரே ஒரு வேலைக்கு. வீட்டில் ஏற்கெனவே பழகிக் கிடக்கிற கோழிகளோடு, வெளியிலிருந்து வாங்கி வந்த புதுக் கோழிகளைச் சேர்ப்பதற்கு. அந்த ஒரு வேலைக்கு இதைவிட உதவியான சாமான் என் கைக்கு இதுவரை வந்ததில்லை.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 26 வருஷமாகக் கொல்லையில் கோழி இல்லாமல் இருந்ததில்லை. கஜா புயலில் 2018 நவம்பரில் தென்னை முழுக்கப் போனபோதுகூட, குடாப்பு கவிழ்ந்து கிடந்ததே தவிர உள்ளே இருந்த கோழிகள் பிழைத்தன. பிள்ளைகள் நோட்டு, பேனா வாங்கியது, பள்ளிக்கூடத்துக்கு வேன் பணம் கட்டியது எல்லாம் முட்டை விற்ற காசும் குஞ்சு விற்ற காசும்தான். அதனால் கோழி விஷயத்தில் எனக்கு விளையாட்டு கிடையாது.

புதுக்கோழி சேர்ப்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு பழைய முறை இருந்தது. வாங்கி வந்த கோழியின் காலைக் கழுவி, உரலை மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டுவார் என் மாமியார். வீடு தங்கும் என்பார். அப்புறம் இருட்டின பிறகு குடாப்புக் கதவைத் திறந்து மற்றக் கோழிகளுக்கு நடுவில் மெல்ல விட்டுவிடுவார். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, விடிந்து பார்க்கும்போது பக்கத்தில் ஒன்று கூடுதலாக இருக்கும், பெரிதாக எடுத்துக்கொள்ளாது என்பது கணக்கு. அந்தக் காலத்தில் ஊரில் எல்லாக் கோழியும் தெருவில் ஒன்றாக மேய்ந்தது. பக்கத்து வீட்டுக் கோழியை வாங்கி வந்தால், அதற்கு நம் வீட்டுக் கோழியை முன்பே தெரியும். அதனால் அந்த முறை செல்லுபடியானது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பொங்கல் முடிந்த வாரம், ஒரு சந்தையில் இரண்டு பெட்டை வாங்கினேன். விற்றவர், "ஊசி போட்ட கோழிம்மா, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார். மாமியார் முறைப்படியே இரவில் குடாப்பில் விட்டேன். விடிந்து கதவைத் திறந்தால், ஒன்று மூலையில் தலையைச் செருகிக்கொண்டு நிற்கிறது. கொண்டை முழுக்க ரத்தம். சரி, இரண்டு நாளில் பழகிவிடும் என்று மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி மறுபடி அங்கேயே விட்டேன். ஆறாம் நாள் இன்னொன்று இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கி வழிந்தது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல். எட்டாம் நாள் என் வீட்டுக் கோழிகள் நான்கு அதே மாதிரி. ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு, தலை பின்னால் திரும்பி, சுற்றிச் சுற்றி விழுந்தது. வெள்ளைக்கழிச்சல். பத்து நாளில் 14 கோழியில் ஒன்பது போய்விட்டது. அதில் ஒன்று என் வெள்ளைக் கோழி. மூன்று தடவை அடை வைத்து முப்பது குஞ்சுக்கு மேல் பொரித்துக் கூட்டிக்கொண்டு திரிந்தவள். கொல்லையில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டு, நாலு நாள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. முட்டை எடுக்கிற நேரம் வந்தால் கை தானாகக் கூடையைத் தேடும், அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். இந்தச் சீக்கு உடம்பில் புகுந்து வெளியே தெரிவதற்குப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும், சிலதில் இரண்டு வாரம்கூட ஆகும். சந்தையில் நிற்கும்போது கோழி நன்றாகத்தான் இருக்கும். "நீங்க கோழியைப் பார்த்து வாங்கினீங்க, சீக்கைப் பார்க்கலை. குறைஞ்சது மூணு வாரம் தனியா வச்சுப் பார்த்துட்டு அப்புறம் சேர்க்கணும்மா" என்றார். அன்றைக்கு மனசில் பதிந்தது அது.

பிழைத்த ஐந்திலிருந்து குஞ்சு இறக்கி, மெல்ல ஒன்பது பெட்டை, ஒரு சேவல் என்று கூட்டம் மறுபடி வந்தது. எல்லாம் ஒரே ரத்தம் ஆகிவிட்டதால் முட்டை பொரிப்பு குறைய ஆரம்பித்தது. அடைக்கு 12 வைத்தால் ஏழு, எட்டுதான். வெளி ரத்தம் வேண்டும் என்று தெரிந்தும் ஒரு வருஷம் பயத்தில் தள்ளிப்போட்டேன். இந்த ஜூனில்தான் பக்கத்து ஊரில் கோழி வளர்க்கும் ஓர் அக்காவிடம் நான்கு சிறுவிடை வாங்கினேன், சின்ன உடம்பு நாட்டுக்கோழி வகை. நான்கு மாத விடைக்கோழிகள், இன்னும் முட்டைக்கு வரவில்லை. ஒற்றைக் கோழியாக வாங்கக் கூடாது. ஒன்று மட்டும் வந்தால் மொத்த அடியும் அதற்கே விழும். கூடப் பிறந்ததுகளாக நாலு வந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தாங்கும்.

கோழி வாங்குவதற்கு மூன்று நாள் முன்பே கூண்டை வாங்கிவிட்டேன். ஏன் பஞ்சாரம் இல்லை என்றால், பஞ்சாரத்தின் பின்னல் நெருக்கம். உள்ளே இருக்கிறது வெளியே இருக்கிறதைச் சரியாகப் பார்க்காது. தூக்கினால் கோழி ஓடிவிடும், தண்ணீர் வைக்கக் கதவு கிடையாது. அதோடு மூங்கிலில் நன்றாகப் பின்னிக் கொடுக்கிறவர்களை இப்போது தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வெல்டிங் பட்டறையில் கேட்டேன், ஆங்கிள் வைத்து வலை அடித்துக் கொடுக்க ஏழாயிரம் ஆகும் என்றார்கள். அது நன்றாக உழைக்கும். ஆனால் இரண்டு ஆள் இல்லாமல் நகர்த்த முடியாது. எனக்கு வேண்டியதோ இடம் மாற்ற மாற்றக் கூடவே வருகிற ஒரு கூண்டு. அந்த ஒரு குணத்துக்காகத்தான் நாய்க்கூண்டுக்குப் போனேன்.

முதல் மூன்று வாரம் கூண்டு வயலில் இருக்கிற பழைய மோட்டார் கொட்டகையில் இருந்தது. வீட்டிலிருந்து 200 அடி இருக்கும், பழைய கோழிகள் அந்தப் பக்கம் வராது. நாலு கோழிக்கு ஆறு சதுர அடி மூன்று வாரத்துக்குப் பற்றாது. கொட்டகைக் கதவைச் சாத்தி, பகலில் கூண்டுக் கதவைத் திறந்து வைத்துவிடுவேன். இரவில் உள்ளே விட்டு அடைப்பேன். இரண்டாம் நாளே சாயங்காலம் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டன. இது பின்னால் எவ்வளவு உதவியாக இருந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

இந்த மூன்று வாரத்தில் பழைய கோழிகளைக் கவனித்துவிட்டுத்தான் புதுசுகளிடம் போவேன், ஒரு நாளும் மாற்றிச் செய்ததில்லை. கொட்டகை வாசலில் தனிச் செருப்பு, தனி வாளி. வந்த வாரமே ஊசி வேண்டாம், பயண அசதி தெளியட்டும் என்றார் டாக்டரம்மா. எட்டாம் நாள் சனிக்கிழமை, கூண்டை அப்படியே டிவிஎஸ் எக்செல் வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு மருந்தகத்துக்குப் போனோம். கழிச்சல் ஊசி அங்கே இலவசம். பழைய கோழிகளுக்கும் முன் வாரமே போட்டாயிற்று. ஊசி போட்ட அன்றைக்கே எதிர்ப்பு வந்துவிடாது, ஓரிரண்டு வாரம் ஆகும். மூன்று வாரக் கணக்கில் அதுவும் அடங்கிவிட்டது. இறக்கைக்கு அடியிலும் பின்புறப் பஞ்சு மயிரிலும் செள்ளுப் பூச்சி இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்த்தேன். ஒன்றின் காலில் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரவென்று இருந்தது. பத்து நாள் வேப்பெண்ணெய் தடவியதில் அமுங்கியது.

கூண்டின் முதல் நல்ல குணம் இங்கேதான் தெரிந்தது. அந்தத் தட்டு. காலையில் இழுத்துப் பார்த்தால் இரவு எச்சம் எப்படி இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். கெட்டியாக, மேலே வெள்ளை முனையோடு இருந்தால் கவலை இல்லை. நீராக, பச்சையாக இருந்தால் உஷாராகிவிடலாம். மண் தரையில் விட்டிருந்தால் நான் இதைக் கவனித்திருக்க மாட்டேன். இருபத்தொரு நாளும் தட்டைப் பார்த்துத்தான் என் பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

ஆடி பிறந்தது. கூண்டைக் கோழிகளோடு தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுவந்தோம். வைத்த இடம் முக்கியம். பழைய கோழிகளுக்குக் காலையில் இரை போடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, கொய்யா மர நிழலில் வைத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இரண்டு கூட்டமும் முகத்தோடு முகம் பார்த்துச் சாப்பிட வேண்டும் என்பது யோசனை.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவி ஒரு கிராப்புக்கோழி. கழுத்தில் மயிரே இருக்காது, சிவந்த வெறுங்கழுத்து. குடாப்பில் மேல் கழியில் கதவோரம் அவள் இடம், வேறு யாரும் உட்கார முடியாது. கூண்டு வந்த பத்தாவது நிமிஷம் அவள் வந்துவிட்டாள். மற்றக் கோழிகள் கோபம் வந்தால் கழுத்து மயிரைச் சிலிர்த்துக் குடை மாதிரி விரிக்கும். இவளுக்குச் சிலிர்க்க மயிர் கிடையாது. அந்தக் கழுத்தை அப்படியே முன்னால் நீட்டி, ஒற்றைக் கண்ணால் கம்பிக்குள் பார்த்தாள். உள்ளே நாலும் பின்பக்கத்தில் ஒட்டி நின்றன. அவள் ஒரு சுற்று வந்தாள். பக்கக் கதவருகே நின்று கம்பியை இரண்டு தடவை டங், டங் என்று கொத்தினாள். அப்புறம் தலையைத் திருப்பிக்கொண்டு இரையைப் பார்த்துப் போய்விட்டாள். அரை மணியில் மறுபடி வந்தாள், மறுபடி இரண்டு கொத்து. முதல் நாள் இப்படிப் பதினைந்து தடவையாவது வந்திருப்பாள். மூன்றாம் நாள் நாலைந்து தடவை. ஏழாம் நாள் கூண்டோரமே குழி பறித்து மண் குளித்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த கறுப்பு விடை கம்பிக்கு இந்தப் பக்கம் அவள் முதுகை ஒட்டிப் படுத்திருந்தது. அதைப் பார்த்ததும் அடுப்படியில் இருந்த மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கம்பி இல்லேன்னா இந்நேரம் கொண்டையைப் பிச்சிருப்பா" என்றார். அவர் வாயால் அது வந்தது எனக்குப் பெரிய விஷயம்.

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருக்கிறது. நார்வே நாட்டில் ஷெல்டெரப்-எப்பெ என்ற ஒருவர் சின்ன வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, 1921ல் இதை எழுதி வைத்தார் என்று என் மகள் படித்துச் சொன்னாள். மேல் கோழி கீழ் கோழியைக் கொத்தும், கீழ் கோழி திருப்பிக் கொத்தாது. ஒருமுறை தீர்ந்துவிட்டால் அப்புறம் முறைத்துப் பார்த்தாலே போதும், சண்டை வேண்டாம். புதிதாக ஒன்று நுழைந்தால் அந்த வரிசை முழுக்கக் குலைந்து முதலிலிருந்து தீர்த்தாக வேண்டும். ஆக சண்டையே இல்லாமல் சேர்க்க முடியாது. சண்டையில் ரத்தம் வராமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கம்பி செய்கிற வேலை அதுதான்: பாதி வரிசையை அடி விழாமலே தீர்த்துக் கொடுத்துவிடுகிறது.

இப்போது குறைகள். இதில் பூசி மெழுகப் போவதில்லை, ஏனென்றால் ஒன்றில் என் கோழிக்கே காயம் பட்டது.

கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி அதிகம். நாய்க்குச் செய்தது, அதனால் ஒன்றேகால் அங்குலம் விட்டிருக்கிறார்கள். விடைக்கோழி தலையை வெளியே நீட்டிவிடும். இரண்டாம் நாள் காலை, பழைய கோழிக்குப் போட்ட குருணையை எட்டிப் பொறுக்கப்போய், செவலை விடை கொண்டையில் கொத்து வாங்கிவிட்டது. ரத்தம் கண்டால் மற்றதெல்லாம் அந்த இடத்தையே குறிவைத்துக் கொத்தும். உடனே கூண்டோடு திண்ணைக்குத் தூக்கி வந்து, காயத்தில் ஜென்ஷியன் வயலெட் நீல மருந்து தடவினேன். சிவப்பு மறைய வேண்டும், அதுதான் அதில் விசேஷம். அன்று சாயங்காலமே அரை அங்குல வலை வாங்கி, அடியிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குச் சுற்றிலும் கட்டுக்கம்பியால் கட்டினேன். வலை 260 ரூபாய். நீங்கள் வாங்கினால் வலையையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், ஒரு நாள்கூட வலை இல்லாமல் பழைய கோழி நடுவில் வைக்காதீர்கள்.

உட்காரக் கழி கிடையாது. கோழி தரையில் படுத்துத் தூங்கினால் நெஞ்சு மயிரெல்லாம் எச்சம். மூங்கில் துண்டு ஒன்றைக் குறுக்கே கம்பிகளுக்குள் நுழைத்துக் கட்டிவிட்டேன், எட்டு அங்குல உயரத்தில். அதற்கு மேல் வைத்தால் தலை இடிக்கும்.

மேல்பக்கமும் வெறும் கம்பிதான். ஆடிக் காற்றுக்குத் தார்ப்பாய் போட்டேன், அது படபடவென்று அடித்துக் கோழிகள் மிரண்டன. அப்புறம் தென்னங்கீற்று ஒன்றை முடைந்து மேலே வைத்துக் கட்டியதும் சரியாகிவிட்டது. இரவில் இதை வெளியில் விட்டுவைக்கவே கூடாது. கீரியும் மரநாயும் நடமாடும் கொல்லை எங்களுடையது. மெல்லிய கம்பி, கொக்கியும் அப்படியொன்றும் உறுதி இல்லை. பாம்பு நுழைகிற இடைவெளியும் மேல்பக்கம் இருக்கிறது. தினமும் அந்திக்குக் கூண்டோடு மாட்டுக்கொட்டகைக்குள் தூக்கி வைத்தேன். எடை பத்துக் கிலோவுக்குள் என்பதால் இது தினமும் முடிந்தது.

பிளாஸ்டிக் தட்டின் ஒரு மூலை இரண்டாம் மாதம் வெயிலில் விரிந்துவிட்டது. ஐப்பசி மழைக்குப் பிறகு பற்றவைத்த முனைகளில் துரு ஏறியிருக்கிறது, தினம் கழுவுகிற இடமாகப் பார்த்து. கடையில் தட்டு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன், கிடைக்காது என்றார்கள். பழைய தகரத்தை அளவாக வெட்டிப் போட்டுக்கொண்டேன். ஆனால் வாங்கின அன்றே ஒரு கொக்கி குறைந்தது, அதைச் சொன்னதும் மறு பேச்சில்லாமல் மாற்றுக் கொக்கி கொடுத்தார் அந்தத் தம்பி. அதையும் சொல்ல வேண்டும்.

பத்து நாள் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்ட பிறகு, ஆடி 12ஆம் தேதி கதவைத் திறந்தேன். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு. அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் திறந்தால் சண்டைக்கு நேரம் குறைவு. வீட்டுக்காரரையும் அன்றைக்கு எங்கும் போகாமல் இருக்கச் சொன்னேன். முன்கூட்டியே செய்த ஏற்பாடு: இரையை ஒரே இடத்தில் போடாமல் கொல்லை முழுக்க ஏழெட்டு இடத்தில் தூவினேன். தண்ணீர் மூன்று இடத்தில். முருங்கைக்கீரைக் கட்டு ஒன்றை கோழி எம்பிக் கொத்துகிற உயரத்தில் கட்டித் தொங்கவிட்டேன், கவனம் அதில் போகும். சுவரோரம் ஒரு பழைய கதவுப் பலகையைச் சாய்த்து வைத்தேன். துரத்தினால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் ஓட வழி இருக்க வேண்டும். முட்டுச்சந்து மாதிரி மூலை இருந்தால் அங்கேதான் அடிபடும்.

கிராப்புக்கோழி எதிர்பார்த்தபடி முதலில் வந்தாள். கறுப்பு விடையை ஒரு கொத்து, அது குனிந்து ஓடியது, முடிந்தது. செவலையை இரண்டு கொத்து. மற்ற இரண்டையும் அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் பயப்படாத ஒரு கோழிதான் மோசமாக நடந்தது. எங்கள் கூட்டத்தில் கடைசி வரிசையில் இருக்கிற சாம்பல் கோழி. எல்லோரிடமும் கொத்து வாங்கியே பழகியவள், தனக்குக் கீழே நாலு பேர் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் விடாமல் விரட்டினாள். செவலையின் முதுகு மயிரை ஒரு கொத்தாகப் பிடுங்கிவிட்டாள். அப்போது சேவல் செய்ததை நான் மறக்க மாட்டேன். ஓர் இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு ஒரு பக்கமாகச் சுற்றி வந்து, சாம்பல் கோழிக்கும் செவலைக்கும் நடுவில் நின்றுகொண்டது. அப்புறம் கீழே கிடந்த ஒரு சோளத்தை அலகால் எடுத்து எடுத்துப் போட்டு, கொக் கொக் கொக் என்று புதுசுகளைக் கூப்பிட்டது. கூட்டத்தில் நல்ல சேவல் இருந்தால் பாதிக் கவலை குறையும்.

இங்கேதான் கூண்டின் இரண்டாவது பெரிய பயன். முன்கதவை முழுதாகத் திறக்காமல், விடைக்கோழி மட்டும் நுழைகிற அளவுக்கு, ஐந்து விரல் அகலம் விட்டுக் கம்பியால் இழுத்துக் கட்டினேன். பெரிய கோழியால் அதற்குள் போக முடியாது. மோட்டார் கொட்டகையில் மூன்று வாரம் அதற்குள்ளேயே அடைந்து பழகியவை அல்லவா, விரட்டினால் நாலும் ஓடிப்போய் உள்ளே புகுந்துகொண்டன. அது அவற்றின் சொந்த வீடு. உள்ளே தனித் தண்ணீர், தனி இரை. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், முட்டைக்கு வராத விடைக்கோழி அதைத் தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெடும். அதனால் வளரும் கோழித் தீவனத்தை உள்ளே வைத்துவிட்டேன். பிறகு எல்லாம் ஒன்றாக மேய ஆரம்பித்ததும் எல்லோருக்குமே அதையே போட்டு, முட்டை வைக்கிறவர்களுக்குக் கிளிஞ்சல் பொடியைத் தனிக் கிண்ணத்தில் வைத்தேன். வேண்டியவை போய்க் கொத்திக்கொள்ளும்.

அடுத்த நாள் சாம்பல் கோழியைப் பிடித்து மூன்று நாள் பஞ்சாரத்தில் தனியாக வைத்தேன். திரும்ப விட்டபோது அவளே புது ஆள் மாதிரி ஆகிவிட்டாள், விரட்டு பாதியாகக் குறைந்தது. அடிக்கிறதைத்தான் பிரிக்க வேண்டும், அடி வாங்குகிறதைப் பிரித்தால் மறுபடி முதலிலிருந்து அதே கதை.

முட்டை விழுந்துவிட்டது, அதற்கும் மனசைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஐந்து எடுத்துக்கொண்டிருந்தவள், பத்து நாள் வரை தினம் இரண்டுதான் எடுத்தேன். மூன்றாம் வாரம் பழையபடி வந்துவிட்டது. கதவு திறந்த 19ஆம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது, குடாப்பின் கீழ்க் கழியில் மூன்று புதுசுகள், பழையதுகளோடு தோளுரசி உட்கார்ந்திருந்தன. நாலாவது, எல்லாவற்றிலும் சின்னது, கொய்யாக் கிளையில் தனியாகத் தூங்கியது. தினம் இரவு ஏறி எடுத்து உள்ளே விடுவேன். ஆவணி பாதியில்தான் அது தானாக வந்தது. அவசரப்படுத்தக் கூடாது என்று அதுதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

காசுக் கணக்கு: கூண்டு 3,400, வலை 260, கழியும் கீற்றும் வீட்டுச் சாமான். அன்றைக்குப் போன ஒன்பது கோழியின் விலை இதைவிட அதிகம். விலையை விடுங்கள், ஒரு கூட்டத்தை மறுபடி உண்டாக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. நாலு சிறுவிடைக்கு மூன்றடிக் கூண்டு சரி. உடம்பு பெரிய பெருவிடையோ கடக்நாத் கருங்கோழியோ வாங்குகிறவர்கள் நாலடிக் கூண்டாகப் பாருங்கள், கடையில் இன்னும் ஆயிரத்தைந்நூறு கூடச் சொன்னார்கள். வருஷத்துக்கு ஒருமுறைகூட வெளிக்கோழி வாங்காதவர்கள் இதில் பணம் போட வேண்டாம், யாரிடமாவது இரவல் வாங்கி, பினாயில் போட்டுக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துங்கள். துருப் பிடிக்கிறதும் தட்டு விரிகிறதும் இல்லாமல் இருந்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். இப்போதைக்கு ஐந்துக்கு நாலு.

புரட்டாசி முதல் வாரம் கறுப்பு விடை காலையிலிருந்து கேறிக்கொண்டே திரிந்தது. குடாப்புக் கூடையில் ஏறி உட்காரும், இறங்கும், மறுபடி ஏறும். பதினொரு மணிக்குக் கொக்கரிப்புக் கேட்டு ஓடினேன். கூடையில் சின்னதாக ஒரு முட்டை, ஓட்டில் ஒரு கீற்று ரத்தம், கையில் எடுத்தால் அப்படி ஒரு சூடு. அடுப்படித் தராசில் வைத்தேன், 31 கிராம். மாமியார் அதை வாங்கிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டார். கூண்டு இப்போது எதிர்வீட்டில் இருக்கிறது. அவர்கள் மூன்று விடைக்கோழி வாங்கியிருக்கிறார்கள், பதினாறாவது நாள் ஓடுகிறது.